வளைவு ஒழிப்புத் தீர்மானம்

டல்லாரா கவுன்சில் வளைவுகளை ஒழிப்பது என்று தீர்மானம் போட்ட அதே மாதத்தில்தான் டோரீன் ஹாலிகன் செத்துப்போனாள். இரண்டுக்கும் சம்பந்தம் வரும் என்று அவள் புருஷன் மெர்வ் அப்போது நினைக்கவில்லை. தீர்மானம் உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது, அவர் படிக்கவில்லை. பெண்டாட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது கவுன்சில் எந்த எழுத்துக்கு மாறுகிறது என்று எவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

புது எழுத்துக்குப் பெயர் டால்வெக்ஸ். சிட்னியில் ஒரு கம்பெனி வரைந்து கொடுத்தது. எல்லா எழுத்தும் மூலை மூலையாக, தகரத்தைக் கத்தரித்துப் போட்ட மாதிரி இருக்கும். ஆங்கில ஓ என்ற எழுத்து ஆறு மூலை வைத்த இரும்பு நட்டு. ஏ-க்கு நடுக்கட்டை கிடையாது, கூரை மட்டும். ஈ-க்கு முதுகெலும்பு கிடையாது, படுத்த கோடு மூன்று. ராக்கெட்டின் வயிற்றில் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பந்தய சைக்கிளிலும், பையன்கள் குடிக்கிற சத்துப் பானத் தகரத்திலும் நன்றாகவே இருந்தது. டல்லாராவில் ராக்கெட் இல்லை. மாடு வெட்டும் கூடம் ஒன்று, தானியக் கிடங்கு ஒன்று, சரக்கு ரயில் ஒன்று. ரயில் பாதையில் கட்டை மாற்றியே மெர்வ் தன் முதுகை முடித்துக்கொண்டவர்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாண்ட்விச் தின்று போன பிறகு, கல்லறைக்குப் பெயர்த் தகடு செய்யச் சொல்ல அவர் கவுன்சில் அலுவலகம் போனார். கவுண்டரில் கிளெனிஸ் இருந்தாள். அந்தக் கவுண்டரிலேயே நரைத்தவள். ஊரில் யார் வந்தாலும் அவளுக்குக் கண்ணுதான்.

"உக்காருங்க கண்ணு. டோரீன் தகடுதானே? மாதிரி போட்டு அனுப்பிட்டாங்க" என்று ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.

மெர்வ் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"தலைகீழா வெச்சிருக்கியா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திருப்பிப் பாத்தேன். திருப்பினாலும் இப்படியேதான் இருக்கு."

"இதுல டோரீன் எது?"

கிளெனிஸ் ஒரு வரிசையின் மேல் விரலை வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழ் வரிசைக்கு மாற்றினாள். "இதாத்தான் இருக்கணும். மேல இருக்கறது கவுன்சில் பேரு."

"கவுன்சில் பேரு எதுக்கு என் பொண்டாட்டி தகட்டுல?"

"எல்லாத்துலயும் போடணும்னு உத்தரவு. மேல, பெருசா."

"எனக்கு சாதா எழுத்துல போட்டுக் குடு, கிளெனிஸ்."

"என் பேரையே சாதா எழுத்துல குத்திக்க விடல கண்ணு." அவள் மார்பில் இருந்த பட்டையைக் காட்டினாள். "நேத்து ஒருத்தன் இது உங்க ரத்த வகையான்னு கேட்டுட்டுப் போறான்."

மெர்வ் பிடிவாதக்காரர் இல்லை. ரயில்வே கொடுத்த பூட்ஸ் ஓர் அளவு சின்னதாக இருந்தாலும் போட்டுக்கொண்டு போனவர். ஆனால் இது அப்படி விடுகிற காரியம் இல்லை. டோரீன் அரசாங்கப் பெண்கள் விடுதியில் வளர்ந்தவள். அங்கே பெண்களுக்குப் பெயர் கிடையாது, உடுப்பில் தைத்த எண்தான். சமையல்காரியிலிருந்து பாதிரி வரை அவளை முப்பத்தொன்று என்றே கூப்பிட்டார்கள். வெளியே விட்டதும் மாட்டுக்கூடத்தில் குடல் கழுவும் வேலைக்குப் போனாள். முதல் நாள் மேஸ்திரி பெயர் கேட்டபோது வாயில் எண்தான் வந்ததாம். கூடமே சிரித்திருக்கிறது. சாகிறதுக்கு முன்னால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அன்பு மனைவி, அது இதுன்னு ஒண்ணும் எழுதாத மெர்வ். பேரு மட்டும் போடு. போறவங்க வர்றவங்க நின்னு வாய்விட்டுப் படிக்கிற மாதிரி இருக்கணும்."

சரி என்று சொல்லியிருந்தார்.

கிளெனிஸ் அவரை மாடிக்கு அனுப்பினாள். அடையாளமும் நினைவும் என்ற பிரிவுக்கு மேலாளராக ட்ரிஸ்டன் பெல்ஹாம் என்பவர் சிட்னியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. அறையில் இருந்த மேஜைக்கும் மூலைகள் அதிகமாக இருந்தன. மெர்வ் உட்காரும்போது முட்டியில் ஒன்று குத்தியது.

"வளைவு என்ன சொல்லுதுன்னு யோசிச்சிருக்கீங்களா மெர்வ்?" என்று ட்ரிஸ்டன் ஆரம்பித்தார். "திரும்பிப் போன்னு சொல்லுது. இந்த ஊர் ரொம்ப நாளாத் திரும்பித் திரும்பியே போயிடுச்சு. டால்வெக்ஸ்ல ஒரு எழுத்தும் திரும்பாது. போகும், வெட்டும், ஏறும்."

"ஈ எங்க இருக்கு?"

"இருக்கு. ஆனா நான் இருக்கேன்னு உங்களைத் தொந்தரவு பண்ணாது."

"என்னால படிக்க முடியல."

"படிக்கறது பழைய பழக்கம் மெர்வ். எழுத்தை முதல்ல உணரணும். சிட்னியில ஒரு கூட்டத்துக்கு இதைக் காட்டினோம். எல்லாரும் ஒரே குரல்ல வேகம்னு சொன்னாங்க. என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. அவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்கு."

"செத்தவளுக்கு எதுக்குத் தம்பி வேகம்?"

ட்ரிஸ்டன் கையைக் கோத்துக்கொண்டார். "நம்ம ஊர்ல நிரந்தரமாத் தங்கறவங்க அவங்க மட்டும்தான். யாரும் காலி பண்ணிட்டுப் பக்கத்து ஊருக்குப் போறதில்ல. அப்படிப்பட்டவங்களை எதிர்காலத்துலேர்ந்து ஒதுக்கி வெக்கக் கவுன்சிலுக்கு மனசு வரல. அவங்க கருத்தையும் கேட்டோம். ஒரு ஆட்சேபணையும் வரல."

"யார்கிட்ட கேட்டீங்க?"

"இடுகாட்டு வாசல்ல அறிவிப்பு ஒட்டினோம். டால்வெக்ஸ்ல."

பழைய எழுத்துதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருப்பதாக அவர் சொன்னார். இடுகாட்டில் மரபுப் பகுதி என்று ஒன்று உண்டு. அங்கே எந்த எழுத்தும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே இடம் வேண்டும் என்றால் நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் செத்திருக்க வேண்டும்.

"அப்ப டோரீன் உயிரோட இருந்தாளே."

"அதுதான் சிக்கல்" என்றார் ட்ரிஸ்டன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தகடு வந்தது என்று கிளெனிஸ் போன் செய்தாள். மெர்வ் போய்ப் பார்த்தார். டல்லாராவின் இடுகாடு புல் வெட்டுகிற வண்டிக்காகக் கட்டியது. கல் நிற்கக் கூடாது, சிலுவை நிற்கக் கூடாது, பூச்சாடி வைக்கக் கூடாது. தகடு மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்க வேண்டும். வண்டி எல்லோர் மேலும் ஒரே சீராக ஓடிப் போகும். டோரீனைப் புதைத்த இடத்தில், வேலியோரக் கருவேலுக்கு நேராக, பளபளவென்று ஒரு தகடு படுத்திருந்தது. அதில் கோடுகள் இருந்தன. அவர் மண்டி போட்டுக் கைக்குட்டையால் துடைத்தார். கோடை முழுக்கத் தினமும் வந்து துடைத்தார். பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து தகட்டின் பக்கத்தில் ஒரு மூடி ஊற்றி வைத்தார். படிக்க முடியாவிட்டாலும் இது அவள்தான் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கூட வந்தவர் கிளாரி பெக். ரயில் பாதை வேலையில் மெர்வுக்கு எதிர்ப்பக்கம் கடப்பாரை பிடித்தவர்.

"நல்ல பொண்டாட்டிடா உனக்கு" என்பார் கிளாரி. "செத்தும் உன்னைக் காலங்காத்தால எழுப்பி விட்டுடறா. எனக்கு வாய்ச்சவ ஓடிப்போயும் தூங்க விடல."

"அவ ஓடினதே நீ விடற குறட்டைக்குத்தான்."

"கேஸ் நடந்தப்பவும் அதைத்தான் சொன்னா."

இடுகாட்டில் ஒரு குழாய் உண்டு. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து புல்லுக்கு விடுகிற குழாய். முன்பு அதைக் குடிக்கக் கூடாது என்று ஊதா வர்ணம் அடித்து, தம்ளர் படத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருந்தது. புது அடையாளத்தில் ஊதாவுக்கு இடமில்லை. நிலாச் சாம்பலும் விண்வெளிக் கறுப்பும்தான். சிவப்பு வட்டமும் வளைவு என்ற கணக்கில் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டால்வெக்ஸில் ஒரு பலகை வைத்தார்கள்.

ஜனவரிக் கோடை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்ட ஒரு நாள் கிளாரி அந்தப் பலகை முன்னால் நின்றார். "இது என்னடா, குழாய் செஞ்ச கம்பெனி பேரா?"

"கவுன்சில் பேரா இருக்கும்" என்றார் மெர்வ். "எல்லாத்துலயும் போடறானுங்க."

கிளாரி தொப்பியில் பிடித்துக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தொப்பி குடித்தார். அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே அரைச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் தாண்டவில்லை.

கவுன்சில் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது. எச்சரிக்கைப் பலகை அதற்குரிய இடத்தில் இருந்தது. எழுத்துகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி விடப்பட்டிருந்தது. டால்வெக்ஸ் விதிகள் எதுவும் மீறப்படவில்லை. அறிக்கையை ஊர் நடுவே ஒட்டினார்கள். ஏதோ இசை விழா வருகிறது என்று சில பேர் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன இருந்தது என்பதைக் கிளெனிஸ்தான் தாளில் எழுதி மெர்வுக்குக் காட்டினாள்.

கிளாரிக்குத் தகடு பதிக்கிற அன்று மெர்வ் பக்கத்தில் நின்றார். வெளியூர் ஒப்பந்தக்காரன் ஆட்கள் இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி நிறையத் தகடுகளோடு வந்தார்கள். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு மெர்விடம் கேட்டான்.

"ஐயா, இதுல உங்க ஆளு எது?"

"என்னைக் கேக்கறியே. உனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல யாராவது நின்னா கேப்போம். அவங்க ஏதாவது ஒண்ணைக் கை காட்டுவாங்க, பதிச்சுட்டுப் போயிடுவோம்."

"யாரும் நிக்கலன்னா?"

அவன் கூட்டாளியைப் பார்த்தான். கூட்டாளி சிகரெட்டைக் காதிலிருந்து எடுத்தான். "வண்டியிலேர்ந்து வர்ற வரிசையில வெச்சுக்கிட்டே போவோம். இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொல்லல. எல்லாரும் அழுதுட்டு நன்றி சொல்லிட்டுத்தான் போறாங்க."

மெர்வ் திரும்பி வேலிப் பக்கம் இருந்த டோரீன் தகட்டைப் பார்த்தார். அதைப் பதித்த அன்று அங்கே யாரும் நிற்கவில்லை. தகடு வந்துவிட்டது என்று போனில்தான் சொன்னார்கள்.

அந்த எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் வேறு வழியில்லை. கவுன்சில் நூலகத்தில் அதற்கு இலவச வகுப்பு நடத்தியது. வாசலில் ரொட்டியில் சாசேஜ் சுருட்டிக் கொடுத்ததால் முதல் வாரம் கூட்டம் சேர்ந்தது. கண்காட்சித் திடலில் ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து மானம் போன டீச்சரம்மா ஒருத்தி வந்தாள். ஆற்றில் பாலம் இல்லை என்ற பலகையைப் படிக்காமல் டிராக்டரை ஆற்றில் இறக்கின பண்ணைக்காரன் ஒருவன் கையில் கட்டோடு வந்தான். அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். வகுப்பறை வாசலில் டால்வெக்ஸில் பலகை மாட்டிவிட்டார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிப் போய்ப் பக்கத்து அறையில் யோகாசனம் செய்துவிட்டுப் போனார்கள்.

மெர்வ் மட்டும் விடவில்லை. படுத்த மூன்று கோட்டைப் பார்த்தால் ஈ என்று நினைக்க வேண்டும். பாதி நட்டு டி, முழு நட்டு ஓ, கால் உடைந்த நட்டு ஆர், முறிந்த கம்பி என். அவர் காலைக் கஞ்சி குடிக்கும்போது சத்துப் பானத் தகரம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு படித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை படித்தார். கடைசி வகுப்பில் அவரும் சிட்னியிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த பெண்ணும் மட்டும் இருந்தார்கள். அவள் அவருக்கு டால்வெக்ஸில் ஒரு சான்றிதழ் கொடுத்தாள். ஊரில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளிடம் அது போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து நேராக இடுகாட்டுக்குப் போனார். வேலியோரம் மண்டி போட்டு, தகட்டில் விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினார்.

ரொனால்ட் டட்.

டட்டை அவருக்குத் தெரியும். மாட்டுக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவன். பெண்கள் கழிப்பறைக்குப் போனால் வாசலில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன். டோரீன் படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான் என்று கேட்ட அன்று அவள் ஒரு புட்டி பீர் திறந்தாள். கோடை முழுக்கத் தன் கைக்குட்டை துடைத்தது அவனை, தேநீர் ஊற்றியது அவனுக்கு என்று புரிந்தபோது மெர்வ் எழுந்து நின்று புல்லில் துப்பினார். பிறகு வரிசை வரிசையாக நடந்து எல்லாத் தகட்டையும் படித்தார். அன்று அவர் கை காட்டியது வேறு யாருடையதோ, கிளாரி தகடு குழந்தைகள் பகுதியில் கிடந்தது. டோரீன் எங்கேயும் இல்லை.

அவர் பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தார். தெருமுனையில் கவுன்சிலின் புதுக் குப்பை வண்டி திரும்பியது. கறுப்பு வண்டி; பக்கவாட்டில் முழு நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் கோடும் மூலையுமாக ஒரு அலங்காரம். ஊரே அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தது. மெர்வுக்கு இப்போது எதைப் பார்த்தாலும் கூட்டுகிற பழக்கம் வந்துவிட்டது.

பாதி நட்டு. முழு நட்டு. கால் உடைந்த நட்டு. மூன்று கோடு. மறுபடி மூன்று கோடு. முறிந்த கம்பி.

வண்டி அவரைத் தாண்டிப் போயிற்று. பின்னாலேயே இன்னொரு வண்டி. அதிலும் அவள்தான். திரும்பிப் பார்த்தால் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த பஸ் நிறுத்தத்துக் கண்ணாடியிலும் அவள். நீச்சல் குளத்து மதிலில், கவுன்சில் வாசல் மிதியடியில், நாய் மலம் அள்ளுகிற பைகளில். போன வழியெல்லாம் டோரீன், டோரீன் என்று எழுதியிருந்தது. அவரைத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. மெர்வ் அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மேயர் ராபின் ஸ்டாக்டேல் அம்மாள் அவர் பேச்சை முழுதும் கேட்டார். நடுவில் ஒருமுறை தலையசைக்கவும் செய்தார்.

"மெர்வ், உங்க வேதனை எங்க வேதனை" என்றார். "ட்ரிஸ்டன், இது எப்படின்னு சொல்லுங்க."

ட்ரிஸ்டன் எழுந்தார். "பெருமையான விஷயம்தான் மேயர். டோரீன் அவங்க தகட்டு மாதிரி என் மேஜைக்கு வந்தப்ப நானே அசந்து போயிட்டேன். நடுவுல ரெண்டு ஈ. ஆறு கோடு ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடுது. டால்வெக்ஸ் எதுக்காகப் பொறந்துச்சோ அது அந்தப் பேர்ல இருந்துச்சு. எழுத்தா இருந்தது கலையா மாறிடுச்சு. அதனால தகடா வார்க்கல. கவுன்சிலோட அடையாளச் சின்னமாப் பதிவு பண்ணிட்டோம்."

"அது என் பொண்டாட்டி பேரு" என்றார் மெர்வ்.

"இருந்துச்சு" என்றார் ட்ரிஸ்டன் மெதுவாக.

"அதை அவ கல்லறையில போட்டுக் குடுங்க. எந்த எழுத்துலயாவது போட்டுக் குடுங்க. நான் இனிமே ஒண்ணும் கேக்கல."

கவுன்சில் வக்கீல் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ஒரு விளக்கம் சொன்னார். பதிவு பெற்ற சின்னத்தை வெளியார் உபயோகிக்க அனுமதி கிடையாது. மெர்வ் ஹாலிகன் இந்த விஷயத்தில் வெளியார். தவிர, தகடுகள் இடம் மாறிக் கிடப்பதாக வந்த புகாரையும் கவுன்சில் ஆராய்ந்துவிட்டது. தகடுகளைப் பெயர்த்தால் புல்லுக்குச் சேதம். ஆகவே தகடு எங்கே இருக்கிறதோ அந்த ஆள் அங்கே இருப்பதாகவே இடுகாட்டுப் பதிவு திருத்தப்படுகிறது.

"அப்ப டட் இருக்கற எடத்துல?"

"டட்தான் இருக்கார்."

"டோரீன்?"

வக்கீல் தாளைப் புரட்டினார். "எங்க பதிவுப்படி டோரீன் ஹாலிகன் இடுகாட்டுல இல்ல. வாகனப் பிரிவுல இருக்காங்க."

மேயர் முடிவுரை சொன்னார். இந்த ஊரில் எத்தனையோ பேர் வாழ்ந்து செத்திருக்கிறார்கள், கவுன்சிலின் எல்லா வண்டியிலும் ஏறிப் போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று மணி அடித்தது.

மறுநாள் பட்டப்பகலில் மெர்வ் தன் பழைய ரயில்வே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்பானர் பெட்டியோடு கவுன்சில் வண்டிக் கொட்டடிக்குப் போனார். டல்லாராவில் அந்தச் சட்டை போட்டவனை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. ஒரு வண்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கனமாக இருந்தது. சாமான் அறைக்காரன் வந்து மறுமுனையைப் பிடித்துத் தூக்கி அவருடைய வண்டியில் ஏற்றிவிட்டுப் போனான்.

"பாத்துப் போ பெருசு. முதுகை ஒடிச்சுக்காத" என்றான்.

இடுகாட்டில் இரண்டு இரும்பு வேலிக் கம்பியை அடித்து இறக்கி, தகட்டை நிமிர்த்திக் கட்டினார். அந்தப் புல்வெளியில் நிமிர்ந்து நின்ற ஒரே பொருள் அதுதான். டட்டின் தகட்டைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து வேலிக்கு அப்பால் போட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புல் வெட்டுகிற வண்டி வந்து அருகில் நின்றது. ஓட்டுகிறவன் நெவில், நல்ல தடி ஆள். காதடைப்பானைக் கழற்றினான்.

"இதை எப்படிய்யா தாண்டறது?"

"தாண்டாத. சுத்திப் போ."

"சுத்தினா வளைவு வருமே. கோணம் கோணமாத்தான் வெட்டணும்னு சொல்லியிருக்காங்க." அவன் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எங்க வண்டியில போட்ட டிசைன்தானே இது? இங்க எதுக்கு?"

"டிசைன் இல்லடா. டோரீன். என் பொண்டாட்டி."

நெவில் தகட்டைப் பார்த்தான், மெர்வைப் பார்த்தான். வயதானவர், வெயிலில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டார் என்று அவன் முகம் சொன்னது. "தண்ணி ஏதாவது குடிக்கிறியா பெருசு?" என்று கேட்டான். மெர்வ் எழுந்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். இது டி. இது ஓ. நெவில் பொறுமையாக நின்று பார்த்தான். கடைசி எழுத்து வரைக்கும் பார்த்துவிட்டு, "எனக்குக் கோடுதான்யா தெரியுது" என்றான்.

அந்த வாரத்திலேயே கவுன்சில் ஆட்கள் வந்து தகட்டைக் கழற்றி வண்டியிலேயே மறுபடி மாட்டினார்கள். கம்பி நட்ட குழியை மூடிப் புல் பதித்தார்கள். டட்டின் தகட்டைத் தேடி எடுத்து இருந்த இடத்தில் வைத்துச் சிமெண்ட் போட்டார்கள். வயதைக் கருதி வழக்கு வேண்டாம் என்று மேயர் சொல்லிவிட்டார். கொட்டடி வாசலில் மட்டும் அந்நியர் நுழையக் கூடாது என்று பெரிதாக ஒரு பலகை வைத்தார்கள். அதை மெர்வ் ஒருவரால்தான் படிக்க முடிந்தது. அவர் நுழையவில்லை.

இடுகாட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டார். அங்கே டட் படுத்திருக்கிறான் என்று கவுன்சில் சொல்கிறது. அவன் பெயரை மிதித்துக்கொண்டு நின்று அவளிடம் என்ன பேசுவது.

குப்பை வண்டி அவருடைய தெருவுக்குத் திங்கள்கிழமை வரும். திங்கள்கிழமைகளில் அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். வண்டி வந்து அவர் முன்னால் நிற்கும். இரும்புக் கை நீண்டு தொட்டியைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்க்கும், ஆட்டும், கீழே வைக்கும். அதற்கு ஆகிற நேரம் வரைக்கும் வண்டியின் விலாவில் அவள் பெயர் அவருக்கு நேராக இருக்கும். அவர் வாய்விட்டுப் படிப்பார். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

எதிர் வீட்டுக்காரி ஒருநாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மெர்வ், உங்க தொட்டியிலதான் ஒண்ணுமே இல்லயே. ஒத்தை ஆளு, என்ன குப்பை சேரப்போகுது. எதுக்கு வாரா வாரம் காலித் தொட்டியை இழுத்துட்டு வந்து வெக்கிறீங்க? முட்டி வலின்னு வேற சொல்றீங்க."

மெர்வ் தொட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். தொட்டி இல்லாத வீட்டு முன்னால் வண்டி நிற்காது.